பாட்டு ஒன்று சொல்ல, ஆவணம் ஒன்று சொல்ல

2016 ஏப்ரல் 13, புதன்கிழமை. நியூயார்க் பிராட்வேயில் உள்ள ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கில் சுமார் 1,300 பள்ளி மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அன்று மதியம் அவர்கள் பார்க்கவிருந்தது 'ஹாமில்டன்' இசைநாடகம். நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கே டிக்கெட் கிடைக்காத காலம் அது. மாணவர்கள் கொடுத்தது தலைக்கு 10 டாலர். 10 டாலர் நோட்டில் இருக்கும் முகம் ஹாமில்டனுடையது என்பதால் கட்டணத்திலேயே ஒரு குறும்பு. மீதிச் செலவை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்றைக்கு முதலில் மேடையேறியவர்கள் நடிகர்கள் அல்லர், மாணவர்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களையும் துண்டுப்பிரசுரங்களையும் வகுப்பில் படித்து, அவற்றிலிருந்து தாங்களே எழுதிய ராப், கவிதை, தனிமொழி, சிறு காட்சி எல்லாவற்றையும் அதே மேடையில் நிகழ்த்திக் காட்டினார்கள். மதியக் காட்சி அதற்குப் பிறகுதான்.

கில்டர் லேர்மன் அமெரிக்க வரலாற்று நிறுவனமும் நாடகக் குழுவும் நியூயார்க் நகரக் கல்வித் துறையும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் அரசுப் பள்ளிகளிலிருந்து 20,000 பேரை அழைத்துவருவது முதல் இலக்கு. பிறகு பிற நகரங்களுக்கும் விரிந்தது. பெயரளவில் வரலாற்றுப் பாடத் திட்டம்தான். ஆனால் நாடகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டவர்களில் ஆங்கில ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வரலாற்றுக் கதை சொல்லும் ஓர் இசைநாடகத்தை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இலக்கியமும் கட்டுரை எழுதுவதும் சொல்லித்தர முடியுமா? முடியும் என்றால், அதனால் எது வளர்கிறது, எது கெடுகிறது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாடகம் வரலாற்றை விட்டு விலகும் இடங்கள்தாம் எழுத்துப் பயிற்சிக்குச் சரியான இடங்கள். அங்கே மாணவனை நிறுத்தி, 'இதை ஏன் மாற்றினார்கள்?' என்று எழுத வைக்கும் ஆசிரியருக்கு நாடகம் உதவும். பார்த்து, ரசித்து, கூடவே பாடிவிட்டுப் போனால், வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பதோடு சரி.

லின்-மனுவல் மிராண்டா 2008-இல் விடுமுறைக்குப் போகும்போது கையில் எடுத்துப்போன புத்தகம், ரான் செர்னோ 2004-இல் வெளியிட்ட அலெக்சாண்டர் ஹாமில்டன் வாழ்க்கை வரலாறு. அடுத்த ஆண்டு மே மாதம் வெள்ளை மாளிகையில் நடந்த ஒரு கவிதை மாலையில், பிறகு நாடகத்தின் முதல் பாட்டாக ஆகவிருந்ததை அவர் பாடிக் காட்டினார். 2015 ஆகஸ்டில் பிராட்வேயில் நாடகம் திறந்தது. 2016-இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசும் 11 டோனி விருதுகளும் கிடைத்தன. அமெரிக்காவை நிறுவிய வெள்ளைக்காரத் தலைவர்களாகக் கறுப்பின, லத்தீன், ஆசிய வம்சாவளி நடிகர்கள் நடிக்க, ராப்பும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்த இசையில் கதை போகிறது. இவ்வளவும் தெரிந்த செய்தி. ஆங்கில ஆசிரியருக்கு இதில் வேறொன்று முக்கியம். இது ஒரு எழுத்தாளனின் கதை.

கரீபியத் தீவு ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆதரவற்ற பையன், 1772 ஆகஸ்டு கடைசியில் செயின்ட் குரோய் தீவைப் புரட்டிப்போட்ட புயலைப் பற்றித் தன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அது உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சாகிறது. படித்தவர்கள் வியந்து, பணம் திரட்டி, அவனைப் படிக்க அனுப்புகிறார்கள். நியூயார்க் வந்தவன் துண்டுப்பிரசுரம் எழுதுகிறான். போரில் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதும் உதவியாளன் ஆகிறான். அரசியல் சாசனத்தை ஏற்கச் சொல்லி 1787-88இல் வெளிவந்த 85 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் 51 அவனுடையவை. 1796-இல் வாஷிங்டன் நாட்டுக்கு விடைசொன்ன உரையின் வரைவில் பெரும்பங்கு அவனுடையது. கடைசியில், 1797-இல், தன் கள்ளத்தொடர்பைத் தானே அச்சிட்டு ஊருக்குச் சொன்ன பிரசுரத்தால் அவன் பெயர் கெட்டதும் எழுத்தால்தான். எழுதி ஏறி, எழுதியே விழுந்த ஒருவன். கட்டுரை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கதாநாயகன் கிடைப்பது கஷ்டம்.

பாடத்திட்டமும் இடம் கொடுத்தது. 2010-இல் வெளியாகி அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்தரங்கள், ஆங்கில வகுப்பிலேயே நாட்டின் அடிப்படை ஆவணங்களைப் படிக்க வேண்டும் என்றன. 9, 10-ஆம் வகுப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னவற்றில் வாஷிங்டனின் விடைபெறும் உரையும் ஒன்று. 11, 12-ஆம் வகுப்புக்கான பட்டியலில் 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் இருந்தன. ஒரே விஷயத்தை அச்சிலும் வேறு ஊடகத்திலும் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒப்பிடுவதும் அதே தரங்களில் உண்டு. நாடகத்தின் இரண்டாம் பகுதியில் ஹாமில்டன் வரைவைப் படித்துக்கொண்டே வர, வாஷிங்டனின் குரல் அதோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பாட்டாக மாறும் ஒரு காட்சி இருக்கிறது. அதில் வரும் வரிகள் அந்த 1796 உரையிலிருந்தே எடுத்தவை. நீண்ட வாக்கியங்களைக் கண்டு மிரளும் 15 வயதுப் பிள்ளைக்கு அந்த உரையைக் கையில் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வரலாற்று இசைநாடகம் வகுப்பறைக்குள் வந்தது 'ஹாமில்டன்' காலத்தில்தான் என்று நினைத்துவிடக் கூடாது. சுதந்திரப் பிரகடனம் உருவான கதையைச் சொல்லும் '1776' என்ற நாடகம் 1969-இல் பிராட்வேக்கு வந்தது. 1972-இல் படமாகவும் எடுத்தார்கள். அந்தப் படத்தை ஜூலை நெருங்கும்போது வகுப்பில் போட்டுக்காட்டிய ஆசிரியர்கள் ஏராளம். எழுத்துப் பாடத்துக்கு அதில் ஒரு புதையல் உண்டு. ஜெஃபர்சன் எழுதிய வரைவை எடுத்துக்கொண்டு மாநாடே உட்கார்ந்து வெட்டுகிறது. உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. ஏறத்தாழக் கால்பங்கு போயிற்று. அடிமை வணிகத்தைக் கண்டித்த பகுதியும் அதில் போனது. பக்கத்தில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்த ஜெஃபர்சனுக்கு ஃபிராங்க்ளின் ஒரு கதை சொன்னாராம். தொப்பிக்காரன் ஒருவன் கடைக்குப் பலகை எழுத நினைக்கிறான். பார்க்கும் நண்பர்கள் ஆளுக்கு ஒரு சொல்லைத் தேவையில்லை என்று அடித்துக்கொண்டே போக, கடைசியில் அவன் பெயரும் ஒரு தொப்பிப் படமும்தான் மிஞ்சுகின்றன. ஜெஃபர்சனே பிற்காலத்தில் கடிதத்தில் எழுதி வைத்த சம்பவம் இது. வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, எந்த வெட்டு நல்லது, எது கோழைத்தனம் என்று மாணவரை எழுதச் சொன்னால் திருத்தம் என்றால் என்னவென்று ஒரே நாளில் புரிந்துவிடும்.

ராப்பை வைத்துக் கவிதை சொல்லித்தருவதும் பழைய முயற்சிதான். எர்னஸ்ட் மோரலும் ஜெஃப்ரி டங்கன்-அன்ட்ரேடும் கலிஃபோர்னியப் பள்ளி ஒன்றில் ஹிப்-ஹாப் பாடல்களையும் பாடநூல் கவிதைகளையும் இணையாக வைத்துப் பாடம் நடத்திய அனுபவத்தை 2002-இலேயே ஆங்கில ஆசிரியர்களுக்கான இதழில் எழுதினார்கள். மாணவர் வீட்டில் கேட்கும் பாட்டைப் படிக்கட்டாக வைத்து மில்டனுக்கு ஏற்றிவிடுவது அவர்கள் நோக்கம் என்று யாராவது சுருக்கினால் அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பாட்டும் படிக்கத் தகுந்த இலக்கியம்தான் என்பது அவர்கள் வாதம். 'ஹாமில்டன்' வந்தபோது இந்த வாதத்துக்குப் பள்ளி நிர்வாகங்களின் வாசல் திறந்தது. புலிட்சர் வாங்கிய ராப் என்றால் தலைமையாசிரியர் மறுத்துப் பேச முடியாதல்லவா!

இலக்கியப் பாடமாக நாடகத்தில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. ஆனால் பலரும் தேடும் இடம் தவறு. இயைபு எத்தனை, உவமை எத்தனை, மோனை எங்கே என்று அடிக்கோடிடச் சொல்வது எல்லா மொழி வகுப்புகளையும் பிடித்த நோய். இந்த நாடகத்தையும் அது விடவில்லை. யாப்பு எப்படிப் பாத்திரத்தைக் காட்டுகிறது என்று கேட்டால்தான் சுவை. ஃபிரெஞ்சுக்காரர் லாஃபயெட் முதலில் வரும்போது ஆங்கிலம் தடுமாறுகிறது. ஓசையும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. போர் முற்றும்போது அதே ஆள் நாடகத்திலேயே அதிவேகமான ராப்பைக் கொட்டுகிறார். அவர் வளர்ந்துவிட்டார் என்று யாரும் வசனத்தில் சொல்வதில்லை. ஹாமில்டனுடைய வரிகளில் இயைபு கடைசியில் மட்டும் நிற்பதில்லை. வரிக்குள்ளேயே நாலைந்து இடத்தில் மோதுகிறது. வாய்க்குள் அடங்காத மூளை என்பது அப்படித்தான் காதில் விழுகிறது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கோ 1960-களின் பிரிட்டிஷ் பாப் மெட்டு, காதலி விட்டுப்போன ஆள் பாடுவதைப் போல. குடியேற்றங்கள் பிரிந்துபோவதை அவர் பார்க்கும் விதம் மெட்டிலேயே வந்துவிடுகிறது.

இன்னொன்று, ஒரே இரவை இரண்டு முறை சொல்வது. ஹாமில்டன் எலைசாவைச் சந்தித்துக் காதலித்து மணக்கும் கதை எலைசாவின் பார்வையில் ஒரு பாட்டாக முடிகிறது. உடனே மேடை பின்னோக்கிச் சுழன்று, அதே இரவை அக்கா ஏஞ்சலிகாவின் கண் வழியே மறுபடி காட்டுகிறது. முதல் பாட்டில் சந்தோஷமாகத் தெரிந்த ஒவ்வொரு அசைவும் இரண்டாவதில் இழப்பாகத் தெரியும். நோக்குநிலை என்ற கருத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்க ஒரு பாடவேளை ஆகும். இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் பத்து நிமிடம் போதும். கொலையாளியே கதைசொல்லியாக நிற்பதையும் இதோடு சேர்க்கலாம். ஏரன் பர் முதல் பாட்டிலேயே தான் ஹாமில்டனைச் சுட்டதைச் சொல்லிவிடுகிறார். 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்தில் யூதாஸ் நிற்கும் இடம் அது. என்ன நடக்கும் என்பது தெரிந்த பின் ஏன் நடந்தது என்பதுதானே மிச்சம்?

ஆனால் இலக்கிய நயம் கேட்க இந்த நாடகம்தான் வேண்டும் என்பதில்லை, ஷேக்ஸ்பியர் இருக்கிறார். 'ஹாமில்டன்' தனித்து நிற்பது கட்டுரைப் பயிற்சியில். அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1774 இலையுதிர்காலத்தில் 'ஏ. டபிள்யூ. ஃபார்மர்' என்ற பெயரில் நியூயார்க்கில் ஒரு பிரசுரம் வந்தது. வெஸ்ட்செஸ்டர் விவசாயி என்பதன் சுருக்கம் அது. எழுதியவர் விவசாயி அல்லர், சாமுவல் சீபரி என்ற பாதிரியார். பிரிட்டனோடு வாணிபத்தை நிறுத்துவதென்று காங்கிரஸ் எடுத்த முடிவு நியூயார்க் விவசாயியின் வயிற்றில்தான் அடிக்கும் என்பது அவர் வாதம். தானியத்தை விற்க வழியில்லை, வாங்கும் சாமானுக்கு விலை ஏறும், அதற்கு மேல் ஊர்க் கமிட்டிகள் வீட்டுக்குள் புகுந்து கண்காணிக்கும் என்று அடுக்கினார். லேசான வாதம் அன்று. அதற்குக் கல்லூரி மாணவனான ஹாமில்டன் பெயர் போடாமல் இரண்டு மறுப்புகள் எழுதினான். இரண்டாவது 1775 பிப்ரவரியில் வந்த, நீளமான பிரசுரம். மனுப் போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. ஒப்புதல் இல்லாமல் வரி போட யாருக்கும் உரிமையில்லை. வாணிபத்தை நிறுத்தினால் பிரிட்டனுக்குத்தான் வலிக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னான்.

நாடகத்தில் இது இரண்டு நிமிடம்கூட வராத ஒரு பாட்டு. சீபரி பெட்டிமேல் ஏறி நின்று, பழைய பாணி மெட்டில், நிதானமாகத் தாளைப் பார்த்துப் படிக்கிறார். ஹாமில்டன் குறுக்கே பாய்ந்து, அவர் சொல்லும் சொற்களின் ஓசைக்கே ஒத்த ஓசையில் வேறு சொற்களைப் போட்டு அவர்மீதே பாடுகிறான். எதிராளியின் இயைபைத் திருடி எதிராளியையே அடிப்பது. கேட்க அற்புதம், கை தட்டாமல் இருக்க முடியாது. தட்டி முடித்த பிறகு மாணவரிடம் ஒரு கேள்வி: ஹாமில்டனின் வாதம் என்ன? பாட்டை மறுபடி மறுபடி கேட்டாலும் முழுப் பதில் கிடைக்காது. கேலி இருக்கிறது, வேகம் இருக்கிறது; வரி, ஒப்புதல், தானிய விலை எதுவும் இல்லை. அந்த வெற்றி இசையின் வெற்றி. இனி சீபரியின் இரண்டு பத்திகளையும் ஹாமில்டனின் இரண்டு பத்திகளையும் கொடுத்து, எதிராளியின் மிக வலுவான வாதத்தை அவருக்கே திருப்தியாகும்படி ஒரு பத்தியில் எழுது, பிறகு மறுத்து எழுது என்று சொல்லலாம். எதிர்வாதத்தை ஒப்புக்குச் சொல்லித் தள்ளிவிடுவதுதான் பள்ளிக் கட்டுரைகளின் பொதுவான பலவீனம். அதைத் திருத்த நான் அறிந்தவற்றுள் இது நல்ல பயிற்சி. பாட்டு இல்லாமல் வெறும் பிரசுரத்தைக் கொடுத்திருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். பாட்டோடு நிறுத்தியிருந்தால், குரலை உயர்த்திக் குறுக்கிட்டால் ஜெயிக்கலாம் என்பதுதான் பாடமாகியிருக்கும்.

1797 பிரசுரம் இதற்கு எதிர்முனை. கருவூலச் செயலராக இருந்தபோது அரசாங்கப் பணத்தில் சூதாடினார் என்று ஹாமில்டன்மீது குற்றச்சாட்டு. மரியா ரெனால்ட்ஸ் என்ற பெண்ணோடு தனக்கிருந்த தொடர்புக்காக அவள் கணவனுக்குக் கொடுத்த பணம் அது, அரசுப் பணம் இல்லை என்று கடிதங்களை இணைத்துத் தானே அச்சிட்டார். வாதம் என்று பார்த்தால் பிழையே இல்லை. ஊழல் இல்லை என்று நிரூபித்துவிட்டார். படித்தவர்களுக்கோ ஊழலைப் பற்றிய கவலையே போய்விட்டது. யாருக்காக எழுதுகிறோம், அவர்கள் எதைப் படித்துக்கொள்வார்கள் என்பதை மறந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. மேல்நிலை வகுப்பு ஆங்கிலத் தேர்வில் சொல்லாட்சியை ஆராய்ந்து எழுதும் கட்டுரை ஒன்று கட்டாயம் வரும். அதற்குப் பயிற்சியாக இந்தப் பிரசுரத்தில் நாலு பத்தி போதும். நாடகத்தில் ஹாமில்டனிடம் வந்து விசாரிப்பவர்கள் ஜெஃபர்சன், மேடிசன், பர். உண்மையில் 1792-இல் போனவர்கள் மன்றோ, மியூலன்பெர்க், வெனபிள். ஏன் மாற்றினார்கள்? மேடையில் புதிதாக மூன்று பேரை அறிமுகப்படுத்தினால் கதை நின்றுவிடும், ஏற்கெனவே பகையாளிகளாகத் தெரிந்தவர்கள் வந்தால் சூடு ஏறும். இதை மாணவரே கண்டுபிடித்து எழுதும்போது, கதை கட்டுதல் என்ற கைவேலை பிடிபடுகிறது.

இப்படியான விலகல்கள் நாடகம் முழுக்க உண்டு. தந்தைக்கு ஆண் வாரிசு இல்லாததால் பணக்காரனை மணந்தாக வேண்டிய நிலை தனக்கு என்று ஏஞ்சலிகா மேடையில் சொல்கிறாள். ஹாமில்டன் எலைசாவை மணந்தபோது உண்மை ஏஞ்சலிகாவுக்கு ஏற்கெனவே திருமணமாகிவிட்டது. அவளுக்குச் சகோதரர்களும் இருந்தார்கள். பாத்திரத்தின் கூர்மைக்காக இதை வசதியாக மறந்துவிட்டதாக மிராண்டாவே தன் குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறார். மாநிலக் கடன்களை மத்திய அரசு ஏற்பதைப் பற்றிய விவாதம் மேடையில் அமைச்சரவையின் ராப் போட்டி. 1790-இல் அது நடந்த இடம் காங்கிரஸ். அங்கே எதிர்த்து நின்றவர் மேடிசன். மேடையில் ஹாமில்டன் எழுதிய கடிதத்தில் தவறான இடத்தில் விழுந்த ஒரு காற்புள்ளியைப் பார்த்து ஏஞ்சலிகா ஏங்குகிறாள். உண்மையில் 1787-இல் காற்புள்ளியை அப்படிப் போட்டவள் ஏஞ்சலிகா. அதைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே போட்டதாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று சீண்டி எழுதியவர் ஹாமில்டன். நிறுத்தக்குறி பாடத்துக்கு இனி வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை!

எதிர்த்தரப்புக்கு வருகிறேன். அவர்கள் பயம் நியாயமானது. ஆண்ட்ரூ பட்லரும் உடனிருந்த உளவியலாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வரலாற்றுச் சம்பவம் பற்றிய கட்டுரையையும் அதே சம்பவம் வரும் சினிமாக் காட்சியையும் கொடுத்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நினைவு நன்றாகப் பதிந்தது. முரண்பட்ட இடங்களில், சரியான தகவலைக் கண்ணால் படித்திருந்தும், சினிமா சொன்ன தப்பையே எழுதியவை பதிலில் பாதிவரை இருந்தன. 'படத்தில் தவறுகள் இருக்கலாம், ஜாக்கிரதை' என்ற பொதுவான எச்சரிக்கை பயன்படவில்லை. இன்ன இடத்தில் இன்னது தவறு என்று குறிப்பிட்டுச் சொன்னபோதுதான் பிழை குறைந்தது. சினிமாவுக்கே இப்படியென்றால், நூறு முறை கேட்டு வரி வரியாகத் தலையில் ஏறிய பாட்டுக்கு எப்படி இருக்கும்? 'இது நாடகம்தானே, பிள்ளைகளுக்குத் தெரியும்' என்று சொல்லும் ஆசிரியர்களை நான் நம்பமாட்டேன். ஏஞ்சலிகாவுக்குச் சகோதரர் உண்டு என்று பெயர் சொல்லித்தான் சொல்ல வேண்டும்.

சகோதரர் விஷயம் சில்லறை. அடிமை முறை அப்படியில்லை. 2016-இல் வரலாற்றாளர் லைரா மான்டெய்ரோ எழுதிய கட்டுரை, கறுப்பின நடிகர்கள் நிறைந்த இந்த மேடையில் அந்தக் காலத்துக் கறுப்பின மனிதர் ஒருவருக்குக்கூடச் சொல்லத்தக்க பாத்திரம் இல்லை என்று சுட்டியது. அந்த நடிகர்கள் தங்கள் முன்னோர்களை அடிமையாக வைத்திருந்தவர்களாக நடிக்கிறார்கள் என்பதே விமர்சனத்தின் முள். ஜெஃபர்சன் வீட்டு ஹெமிங்ஸ் குடும்பத்தைப் பற்றி எழுதிப் புலிட்சர் வாங்கிய அனெட் கார்டன்-ரீட் நாடகத்தை ரசித்துக்கொண்டே இந்த விமர்சனத்தில் பொருளிருப்பதை ஏற்றார். எழுத்தாளர் இஷ்மயில் ரீட் 2019-இல் எதிர்நாடகமே எழுதிவிட்டார். அதில் மிராண்டாவைத் தேடி ஆவிகள் வருகின்றன. மேடை ஹாமில்டன் அடிமை முறையை எதிர்க்கும் இளைஞன். 2020-இல் ஜெஸி செர்ஃபிலிப்பி ஹாமில்டனின் கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும் ஆராய்ந்து, அவரே மனிதர்களை அடிமையாக வைத்திருந்தார் என்று வாதிட்டார்.

ஆங்கில வகுப்பில் இதற்கு என்ன செய்வது? நாடகத்தைத் தூக்கி எறி என்ற தரப்போடு எனக்கு உடன்பாடில்லை. மேடை விட்டுவிட்ட குரலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கலாம். 1791 ஆகஸ்டில் பெஞ்சமின் பேனக்கர் என்ற சுதந்திரக் கறுப்பினர், தான் கணித்த பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் பிரதியோடு ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று எழுதிய கையே மனிதரை அடிமையாக வைத்திருப்பது எப்படி என்று, ஒரு சொல் மரியாதை குறையாமல், அவர் எழுதிய பிரகடனத்தையே எடுத்துக்காட்டிக் கேட்டார். ஜெஃபர்சன் அப்போது செயலராக அமைச்சரவையில் இருந்தார். அந்த மாதமே சுருக்கமாக, வழுக்கிச் செல்லும் ஒரு பதில் போட்டார். இரண்டு கடிதங்களும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ராப் போட்டியில் ஜெஃபர்சனை ஹாமில்டன் அடிமைகளைச் சொல்லிக் குத்துவதையும், பேனக்கர் பணிவோடு குத்துவதையும் அருகருகே வைத்து எது ஆழமாக இறங்குகிறது என்று எழுதச் சொன்னால் போதும். கறுப்பினக் கவிஞர் ஃபிலிஸ் வீட்லி 1775-இல் வாஷிங்டனைப் பற்றி எழுதி அவருக்கே அனுப்பிய கவிதையும் வாஷிங்டன் எழுதிய பதிலும் இன்னொரு ஜோடி.

மேடையா, திரையா என்ற கேள்வியும் உண்டு. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜே கிரீன் குழுவினர் 'ஹாம்லெட்', 'கிறிஸ்துமஸ் கேரல்' நாடகங்களுக்கு மாணவர்களைக் குலுக்கல் முறையில் அனுப்பி ஒப்பிட்டார்கள். நேரில் நாடகம் பார்த்தவர்களுக்குக் கதையும் சொற்களும் கூடுதலாகப் பதிந்தன. பின்னர் மேடையேறிய கதையையே சினிமாவாகப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டும் மேடையின் பலன் தெரிந்தது. ஆனால் எல்லாப் பள்ளிக்கும் பிராட்வே எட்டாது. 2020 ஜூலையில் 'ஹாமில்டன்' டிஸ்னி பிளஸில் வந்த பிறகு, மூன்று கெட்ட வார்த்தைகளில் இரண்டை அடக்கிய அந்தப் பதிப்பே பெரும்பாலான வகுப்புகளுக்கு நாடகம். 160 நிமிடம், 45 நிமிடப் பாடவேளை என்றால் நான்கு நாள் போய்விடும். முழுக்கப் போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஐந்தாறு பாட்டு, அவற்றுக்கு ஐந்தாறு ஆவணம், அது போதும்.

இறுதியில் மதிப்பெண் விஷயம். இந்தத் திட்டங்களில் மாணவர் எழுதி முடிப்பது பெரும்பாலும் ஒரு ராப் அல்லது கவிதை. மேடையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ராப் எழுதத் தெரிந்தது கட்டுரை எழுதத் தெரிந்ததாகாது. சீபரிக்கு ஹாமில்டன் கொடுத்த பதில் பாட்டில் தொலைந்துபோனது போல, மாணவர் படித்த ஆவணத்தின் வாதமும் இயைபுக்காகத் தொலையும். அதனால் ஒவ்வொரு ராப்போடும் ஒரு பக்க உரைநடை கேட்பது நல்லது. எந்த ஆவணத்திலிருந்து எடுத்தாய், எதை விட்டாய், எதை மாற்றினாய், ஏன்? 2016-இல் வந்த மிராண்டாவின் புத்தகம், தன் வரிகளுக்குத் தானே ஓரக்குறிப்பு எழுதியது; அதையே மாதிரியாகக் கொடுக்கலாம். மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்தப் பக்கத்துக்கு. பாட்டில் சந்தம் இடறிய பிள்ளைகூடப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வழியிருக்கும்.

இந்தப் பயிற்சிக்கு மிராண்டா தாமே ஒரு பொருள் விட்டுவைத்திருக்கிறார். 1790 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அடிமை முறைக்கு எதிரான ஒரு மனுவில் ஃபிராங்க்ளின் கையெழுத்திட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். 1808-க்கு முன் அடிமை வணிகத்தில் கைவைக்க அதிகாரமில்லை என்று காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. இதைப் பற்றி மிராண்டா மூன்றாவது அமைச்சரவை ராப் ஒன்று எழுதினார். கதையை அது நகர்த்தவில்லை என்று நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார். அதன் ஒத்திகைப் பதிவு 2016 கடைசியில் வந்த 'ஹாமில்டன் மிக்ஸ்டேப்' தொகுப்பில் இருக்கிறது. மனுவையும் அந்தப் பதிவையும் மாணவரிடம் கொடுத்து, பாட்டைத் திரும்ப நாடகத்தில் சேர்க்க வேண்டுமா, கூடாதா என்று எழுதச் சொல்லலாம். சேர்க்க வேண்டும் என்பவருக்கு ஒரு நிபந்தனை: இரண்டாம் பகுதியில் எந்தப் பாட்டுக்குப் பின் வரும், அதற்கு இடம்விட எந்தப் பாட்டை எடுப்பாய் என்பதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.